நான்கு நெகட்டிவ்: பிழை எங்கே நடந்தது?

வாசகர் கேள்வி: ஹட்டன் பகுதியில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து ஒரே தோட்டத்து ஆட்கள் காய்ச்சல், இருமல், உடம்பு உளைச்சலோடு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆறு பேரிடம் தொண்டையில் சுவாப் எடுத்து இன்புளுவன்சா பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பினோம். வெள்ளிக்கிழமை மாலை எடுத்ததால், திங்கட்கிழமை வாகனம் வரும்வரை ஃபிரீசரில் வைத்திருந்தோம். இங்கே குளிர்தானே என்று பெட்டியில் ஐஸ் அதிகம் போடவில்லை. ஒன்று கசிந்துவிட்டதென்றும் இன்னொன்றில் பெயர் பொருந்தவில்லையென்றும் நிராகரித்துவிட்டார்கள். மற்ற நான்கும் நெகட்டிவ். நோயாளர்களைப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. எங்கே பிழைவிட்டோம்? வி.டி.எம். (சுவாப்பைப் போட்டு அனுப்பும் திரவம்) முடிந்துவிட்டால் சேலைனில் அனுப்பலாமா? கையிலிருக்கும் ரெபிட் கிட் போதாதா?

அன்பின் சகோதரிக்கு,

நிராகரிக்கப்பட்ட இரண்டையும் பற்றித்தான் கடிதத்தில் அதிகம் வருந்தியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை மற்ற நான்கும். நிராகரித்த மாதிரி பிழையானது என்று எல்லோருக்கும் தெரியும், நாள் இருந்தால் திரும்ப எடுத்துவிடலாம். சரியாக எடுக்காத மாதிரிக்கு வந்த நெகட்டிவ் அப்படியில்லை. அது பி.எச்.டி.யில், அதாவது நோயாளியின் விடுதிக் குறிப்பேட்டில், ஒட்டப்பட்டதும் உண்மையாகிவிடுகிறது. அதை நம்பி மருந்தை நிறுத்துவார்கள், முகக்கவசத்தைக் கழற்றச் சொல்வார்கள், பக்கத்துக் கட்டிலில் ஒரு கர்ப்பிணியைப் படுக்க வைப்பார்கள். அந்த நான்கு பேருக்கும் இன்புளுவன்சா இல்லை என்று இந்த அறிக்கைகளை வைத்து நான் சொல்லமாட்டேன்.

ஆய்வுகூடத்தில் இதைக் கண்டுபிடிக்க மாட்டார்களா என்று கேட்கத் தோன்றும். ஓரளவுக்குத்தான் முடியும். பி.சி.ஆர். செய்யும்போது வைரஸோடு சேர்த்து ஆர்.என்.ஏஸ். பி என்ற மனிதப் பரம்பரையலகு ஒன்றையும் தேடுவது வழக்கம். அதுவும் கிடைக்காவிட்டால் சுவாப்பில் கலங்களே ஏறவில்லை, அல்லது மாதிரி கெட்டுவிட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் நாக்கையும் கன்னத்தையும் தடவிவிட்டு வந்த சுவாப்பிலும் மனிதக் கலங்கள் நிறைய இருக்கும். சோதனை ஒழுங்காக ஓடும், முடிவு நெகட்டிவ் என்று வரும். வைரஸ் இருந்த இடத்தைச் சுவாப் தொடவேயில்லை என்பது அந்தக் காகிதத்தில் எங்கும் தெரியாது.

முதலில் நாளைப் பாருங்கள். நோய் தொடங்கி முதல் மூன்று நான்கு நாட்களில்தான் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் அதிகமாக இருக்கும். ஏழு நாள் கடந்த பெரியவரிடம் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சிறு பிள்ளைகளிலும் நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிலும் இன்னும் சில நாள் நீடிக்கும். 38 பாகை செல்சியஸ் காய்ச்சல், இருமல், பத்து நாளுக்குள் தொடங்கியது என்ற, இன்புளுவன்சா போன்ற நோய்க்கான வரைவிலக்கணம் கண்காணிப்புக்கானது. பத்தாம் நாளில் எடுத்தாலும் பரவாயில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரு லயத்தில் பலருக்கு நோய் பரவியிருக்கும்போது எல்லோரிடமும் எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. நேற்றும் முந்தாநாளும் காய்ச்சல் வந்த ஐந்தாறு பேரைத் தெரிந்தெடுங்கள். கூடுதலாக வாடிப்போயிருப்பவரிடம் எடுக்கத்தான் கை போகும், ஆனால் அவர் பெரும்பாலும் ஆறாம் ஏழாம் நாளில் இருப்பார்.

நோய் தொடங்கிய நாளை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். "எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்றால் "ரெண்டு மூணு நாளா இருக்கும் மிஸ்" என்றுதான் பதில் வரும். "எந்த நாள்ல இருந்து மலைக்குப் போகல்ல?" என்று கேளுங்கள், உடனே நாளைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு "அதுக்கு முந்தின நாள் ஒடம்பு எப்பிடி இருந்திச்சு?" என்றும் கேட்க வேண்டும். சம்பளம் வெட்டுப்படும் என்று காய்ச்சலோடு ஒரு நாள் இரண்டு நாள் கொழுந்தெடுத்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். கிடைக்கும் திகதியைப் படிவத்தில் எழுதுங்கள். "3 நாள்" என்று எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று வாசிப்பவருக்குத் தெரியாது.

அடுத்தது, எடுக்கும் இடம். தொண்டையில் மட்டும் எடுத்தது உங்களுடைய முதல் குறை. மூக்கின் பின்பகுதியில், அதாவது மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில் எடுப்பதுதான் இன்புளுவன்சாவுக்குச் சிறந்தது. அதோடு தொண்டைச் சுவாப் ஒன்றையும் எடுத்து இரண்டையும் ஒரே குப்பியில் போட்டால் இன்னும் நல்லது. காயத்துக்கு எடுக்கும் பஞ்சு சுற்றிய மரக்குச்சிச் சுவாப்பைத் தொடவே வேண்டாம். பி.சி.ஆர். வினையைத் தடுக்கும் பொருட்கள் அதில் இருக்கலாம். கல்சியம் அல்ஜினேட் நுனியுள்ளதும் அதே காரணத்தால் கூடாது. பக்டீரியா வளர்ப்புக்கு வரும் ஜெல் குழாயும் இதற்கு ஆகாது. பிளாஸ்டிக் தண்டும் பொலியெஸ்டர் அல்லது நைலோன் நார் நுனியும் உள்ள சுவாப்தான் வேண்டும். மூக்குக்கு வளையக்கூடிய மெல்லிய தண்டு, தொண்டைக்குச் சற்றுத் தடித்தது.

நோயாளியைத் தலை சாயக்கூடிய கதிரையிலோ கட்டிலைச் சுவரோடு சேர்த்தோ அமர்த்துங்கள். சளி நிறைந்திருந்தால் முதலில் சிந்தித் துடைக்கச் சொல்லுங்கள், நமக்குத் தேவை சளியல்ல, சுவரிலுள்ள கலங்கள். தலையைப் பின்னே சாய்த்து, சுவாப்பை அண்ணத்துக்குச் சமாந்தரமாக, காதை நோக்கிச் செலுத்த வேண்டும். புதியவர்கள் எல்லோரும் விடும் பிழை, கண்ணை நோக்கி மேலே தள்ளுவது. அப்படிப் போனால் மூக்கின் மேற்பகுதியில் முட்டும், வலிக்கும், இரத்தம் வரும், நோயாளி கையைத் தட்டிவிடுவார். மூக்குத் துவாரத்திலிருந்து காதுத் துவாரம் வரையுள்ள தூரத்தைச் சுவாப்பை வெளியே பிடித்து முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவான ஒரு தடை தட்டும்வரை போகலாம், அந்தத் தூரத்தைத் தாண்டக்கூடாது. இடையிலே முட்டினால் பலவந்தம் வேண்டாம், மூக்குத் தண்டு வளைந்தவராக இருக்கலாம், மற்றத் துவாரத்தில் முயலுங்கள். உள்ளே சேர்ந்ததும் சில விநாடி அப்படியே விட்டு நார் ஈரத்தை உறிஞ்ச இடம் கொடுத்து, பிறகு சுழற்றியபடி வெளியே எடுங்கள். கண்ணில் நீர் வந்தால் பெரும்பாலும் சரியான ஆழத்துக்குப் போயிருக்கிறீர்கள். அண்மையில் மூக்கில் சத்திரசிகிச்சை செய்தவர், முகத்தில் அடிபட்டவர், இரத்தம் உறையாத நோயுள்ளவர் என்றால் டொக்டரிடம் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

தொண்டைக்கு வரும்போது நம்மிடம் ஒரு தனி விஷயம் இருக்கிறது: வெற்றிலை. வாயில் பாக்குத் துகளும் சுண்ணாம்பும் இருக்க எடுத்தால் சுவாப் சிவந்து அதையே அள்ளிக்கொண்டு வரும். தண்ணீர் கொடுத்து நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். நாக்கை அழுத்தி, இரண்டு பக்க டொன்சிலையும் பின்சுவரையும் அழுத்தித் தேயுங்கள். நாக்கிலும் கன்னத்திலும் படாமல் வெளியே வாருங்கள்.

இதையெல்லாம் விடுதிக்கு நடுவில் செய்யாதீர்கள். குளிருக்காக எல்லா யன்னலும் சாத்தியிருக்கும் விடுதியில் ஒருவர் இருமினால் அது அங்கேயே சுற்றும். யன்னல் திறக்கக்கூடிய தனி அறை, என்.95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, மேலங்கி. ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறை மாற்ற வேண்டும். கையுறையில் ஒட்டிய வைரஸ் அடுத்தவருடைய குப்பிக்குப் போனால் இல்லாத நோய் இருப்பதாக முடிவு வரும்.

குப்பியைத் திறக்கும் முன்னர் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான வி.டி.எம். இளஞ்சிவப்பாகவும் தெளிவாகவும் இருக்கும். மஞ்சளாக மாறியிருந்தாலோ கலங்கியிருந்தாலோ உள்ளே ஏதோ வளர்ந்திருக்கிறது, வீசிவிடுங்கள். காலாவதித் திகதியையும் பாருங்கள். உள்ளே 2 முதல் 3 மில்லிலீற்றர் இருக்கும், குறைவாகத் தெரிகிறது என்று எதையும் ஊற்றி நிரப்ப வேண்டாம், வைரஸ் ஐதாகிவிடும்.

உங்கள் கசிந்த குப்பிக்குக் காரணம் என்னவென்று ஊகிக்க முடிகிறது. சுவாப் தண்டில் உடைப்பதற்கென்று ஒரு வெட்டுக்கோடு இருக்கும். அந்தக் கோட்டைக் குப்பியின் விளிம்பில் வைத்து வளைத்தால் சுத்தமாக முறியும். கோடில்லாத தண்டைக் கையால் முறித்தால் நீளம் மிஞ்சும். மூடி அதன்மேல் அமர்ந்து, இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் ஒரு சுற்று மீதியிருக்கும். ஹட்டனிலிருந்து இறங்கும் வளைவுகளில் குலுங்கினால் அவ்வளவும் வெளியே வந்துவிடும். கோடில்லாவிட்டால் கிருமியழித்த கத்தரிக்கோலால் வெட்டுங்கள், ஒவ்வொரு நோயாளிக்கும் வேறு கத்தரிக்கோல். மூடியபின் ஒரு டிஷ்யூமேல் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். ஈரம் தெரியாவிட்டால் பராபிலிம் என்ற இழுபடும் மெழுகுத் தாளைச் சுற்றலாம். மூடி இறுகும் திசையிலேயே இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் அந்த இழுவையே மூடியைத் தளர்த்திவிடும்.

இனி ஃபிரீசர் விஷயம். சாதாரண ஃபிரீசர் ஏறக்குறைய மறை 20 பாகையில் இருக்கும். அந்தக் குளிரில் திரவம் மெதுவாக உறைந்து, பனிப்படிகங்கள் வைரஸின் கொழுப்பு உறையைக் கிழித்துவிடும். பிறகு வழியில் உருகும், கொழும்பில் மீண்டும் உறையும். பி.சி.ஆருக்குத் துண்டுகள் போதுமென்பதால் வைரஸ் நிறைய இருந்த மாதிரியில் இதற்குப் பிறகும் பொசிட்டிவ் வரலாம். உங்களுடையதில் தொண்டையிலிருந்து ஏறியதே குறைவு, அதில் இதுவும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் அந்த நான்கு நெகட்டிவ் என்பது என் கணிப்பு.

உயிருள்ள வைரஸ் கெட்டுப்போவதில் இன்னொரு இழப்பும் உண்டு. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில்தான் நாட்டின் தேசிய இன்புளுவன்சா மையம் இருக்கிறது. 1952 முதல் இயங்கும் உலக சுகாதார அமைப்பின் கண்காணிப்பு வலையமைப்பில் இத்தகைய தேசிய மையங்கள்தான் வைரஸை வளர்த்துப் பிரித்து வெளிநாட்டு ஆய்வுகூடங்களுக்கு அனுப்புகின்றன. வருடத்துக்கு இரண்டு முறை, பெப்ரவரியிலும் செப்டம்பரிலும், தடுப்பூசியில் எந்த வகைகளைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது இப்படிச் சேரும் வைரஸ்களை வைத்துத்தான். உறைந்து செத்த மாதிரியிலிருந்து வைரஸை வளர்க்க முடியாது.

ஆகவே எடுத்த நேரத்திலிருந்து 2 முதல் 8 பாகைக்குள், 72 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர வேண்டும். அதற்குமேல் வைத்திருப்பதானால் மறை 70 பாகை ஃபிரீசர் வேண்டும், அது உங்களிடம் இருக்காது. பிரிஜ்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். கதவுத்தட்டு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடேறும், ஃபிரீசரை ஒட்டிய மேல்தட்டில் சிலவேளை உறையும். உணவு வைக்கும் பிரிஜ் கூடாது. மழைக்காலத்தில் கரண்ட் போய்வரும் ஊர் உங்களுடையது, வெப்பமானியைக் காலையும் மாலையும் பார்த்து எழுதுங்கள்.

72 மணித்தியாலக் கணக்கை எடுக்கும் முன்னரே போட்டுவிட வேண்டும். வியாழன் மாலை எடுத்து, வெள்ளி போயா, திங்கள் காலை வாகனம் என்றால் அது வைத்தியசாலையை விட்டு வெளியேறும் முன்னரே கெடு முடிந்துவிட்டது. வாகனம் போகும் நாளை முதலில் உறுதிசெய்து, அன்று காலையிலோ முதல் நாள் மாலையிலோ எடுங்கள். அனுப்புவதாக ஆய்வுகூடத்துக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள், வாரக்கடைசியில் யார் பொறுப்பேற்பார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்ட மாதிரிகள் எந்த ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும் என்பதைப் பிராந்திய தொற்றுநோயியலாளரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

"இங்கே குளிர்தானே" என்ற வாசகம் மலையகம் முழுக்கக் கேட்கிறது. ஹட்டனின் பகல் குளிர் கூட 8 பாகைக்கு மேலேதான். அதைவிட, பெட்டி ஹட்டனில் நிற்கப்போவதில்லை. கினிகத்தேனை, கித்துல்கல தாண்டி அவிசாவளையில் இறங்கும்போது 30 பாகை வெயில். மூடிய வேனில் அதற்கும் மேலே. எனவே கொழும்பு வெயிலுக்கு ஏற்ற மாதிரியே பெட்டியைத் தயார்செய்யுங்கள். நான்கு பக்கமும் மேலேயும் ஐஸ் பேக் வர வேண்டும்.

இதற்கு மாறான பிழையும் நடக்கிறது. ஃபிரீசரிலிருந்து நேரே எடுத்த கல்லுப்போன்ற ஐஸ் பேக்கைக் குப்பியோடு ஒட்டவைத்தால் சிறிய பெட்டியில் குப்பி உறைந்துவிடும். தடுப்பூசி கொண்டுபோகும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள், அவருக்கு இது கைவந்த வேலை. தண்ணீர் நிரப்பிய ஐஸ் பேக்கை வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே பெட்டியில் அடுக்குவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உதிரி ஐஸ்கட்டி போட வேண்டாம், உருகி லேபலை ஊறவைத்துவிடும்.

பொதிசெய்வது மூன்று அடுக்கு. பராபிலிம் சுற்றிய குப்பி ஒவ்வொன்றும் தனித்தனி சிப் பையில். அவற்றைச் சுற்றிக் குப்பிகளிலுள்ள திரவம் முழுவதையும் உறிஞ்சக்கூடிய அளவு பஞ்சு அல்லது டிஷ்யூ வைத்து, திருகு மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் நிமிர்த்தி வையுங்கள். அந்தப் போத்தல் ஐஸ் பேக்குகளுக்கு நடுவே ரெஜிபோம் பெட்டிக்குள், ரெஜிபோம் பெட்டி ஒரு கெட்டியான வெளிப்பெட்டிக்குள். வெளியே யூ.என். 3373 என்ற, நோயாளி மாதிரிகளுக்கான அடையாளம், அனுப்புபவர், பெறுபவர் தொலைபேசி இலக்கங்கள், மேல்பக்க அம்புக்குறி. படிவங்களைப் போத்தலுக்குள் திணிக்காதீர்கள், தனிப் பிளாஸ்டிக் உறையில் போத்தலுக்கு வெளியே வையுங்கள். கசிந்த குப்பியின் திரவத்தில் ஊறிய படிவத்தை யாரும் தொடமாட்டார்கள். மண்சரிவால் பாதை மூடினால் பெட்டியை வேனில் இரவு முழுக்க வைத்திருக்காமல் அருகிலுள்ள வைத்தியசாலை பிரிஜ்ஜில் வைக்க வேண்டும் என்று சாரதியிடம் முன்பே சொல்லுங்கள்.

பெயர் பொருந்தாத மாதிரி நமது பகுதியில் அடிக்கடி நடப்பது. நோயாளி தமிழில் சொல்வதை ஒருவர் சிங்களத்தில் பதிகிறார், இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். வடிவேல், வடிவேலு, எஸ். வடிவேல் என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். அதே லயத்தில் உண்மையாகவே இன்னொரு வடிவேலும் இருப்பார். ஆகவே அடையாள அட்டையிலோ கிளினிக் கொப்பியிலோ உள்ளபடி ஒரே எழுத்தில், பி.எச்.டி. இலக்கத்தோடு, வயதோடு குப்பியிலும் படிவத்திலும் எழுதுங்கள். கைக்குழந்தை என்றால் தாயின் பெயரோடு "குழந்தை" என்று, இரட்டையர் என்றால் முதலாவது, இரண்டாவது என்று. லேபலைக் குப்பியின் உடலில் ஒட்டுங்கள், மூடியில் வேண்டாம், மூடி மாறலாம். சாதாரண பேனா மை சானிடைசர் பட்டதும் கரைந்துவிடும், அழியாத மார்க்கர் வேண்டும். சுவாப் எடுப்பதற்கு முன்னர், நோயாளிக்கு முன்னாலேயே பெயரைக் கேட்டு எழுதுங்கள்; ஆறு குப்பியையும் எடுத்துவிட்டு மேசையில் வைத்து எழுதினால் மாறிவிடும்.

படிவத்தில் நோய் தொடங்கிய திகதி, எடுத்த திகதியும் நேரமும், எந்த இடத்துச் சுவாப், இன்புளுவன்சா மருந்தான ஒசெல்டமிவிர் கொடுத்ததா, எப்போது, கர்ப்பமா, தடுப்பூசி போட்டதா என்பவை அவசியம். விலாசத்தில் தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. மேல் டிவிசனா கீழ் டிவிசனா, லய இலக்கம் என்ன என்றும் எழுதினால்தான் பொது சுகாதார பரிசோதகர் போய்த் தேட முடியும். வீட்டில் கோழிகள் கூட்டமாகச் செத்திருந்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், அதைத் தெளிவாக எழுதி, மாதிரி அனுப்பும் முன்னரே சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

சேலைன் பற்றி: பி.சி.ஆருக்கு மட்டும் என்றால் கிருமியழித்த சாதாரண சேலைனை ஏற்கும் ஆய்வுகூடங்கள் உண்டு. முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், வி.டி.எம்.மைவிட விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வேண்டும். உலர்ந்த சுவாப்பை வெறும் குழாயில் போட்டு அனுப்பாதீர்கள்.

ரெபிட் கிட் பொசிட்டிவ் காட்டினால், இப்படி நோய் பரவியிருக்கும் நேரத்தில் நம்பலாம். நெகட்டிவ்வை நம்ப வேண்டாம். பி.சி.ஆரோடு ஒப்பிட்டால் அது உண்மையான நோயாளர்களில் 50 முதல் 70 சதவீதம் பேரைத்தான் பிடிக்கும். நிமோனியாவோடு செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு மூக்குச் சுவாப் பி.சி.ஆர். கூட நெகட்டிவ் வரலாம், அவருக்குச் சுவாசக்குழாயிலிருந்து உறிஞ்சியெடுத்த சளியை அனுப்ப வேண்டும்.

எந்தச் சோதனையாக இருந்தாலும் சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக்கூடாது. ஒசெல்டமிவிர் நோய் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் அதிக பலன். கர்ப்பிணி, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை, முதியவர், ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர், மூச்சு வாங்குபவர் என்றால் சுவாப் எடுத்த கையோடு டொக்டரிடம் மருந்தைப் பற்றிப் பேசுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த ஆறு பேரில் நோய் தொடங்கி ஏழு நாளைக் கடந்தவர்களிடம் திரும்ப எடுக்க வேண்டாம். அதே டிவிசனிலிருந்து இன்று நேற்றுக் காய்ச்சலோடு வருபவர்களிடம் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்து அனுப்புங்கள். நான்கு நெகட்டிவ் அறிக்கைக்கும் பக்கத்தில் "தொண்டைச் சுவாப் மட்டும், மறை 20 பாகையில் மூன்று நாள்" என்று பி.எச்.டி.யில் எழுதி டொக்டரின் கையொப்பம் எடுங்கள். வீட்டுக்குப் போனவர்களின் முடிவைத் தோட்ட டிஸ்பென்சரிக்கு அறிவிக்கும்போதும் அந்த வரியைச் சேர்த்தே அனுப்புங்கள்.